மனக்காயத்தை மறைக்க வேண்டாம்

(சுங்கைப் பட்டாணி கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உளி ஆழமாக இறங்கிக் கட்டையில் பட்டால் பால்மரத்துக்குக் காயம். உடனே மருந்து பூசுகிறோம். மனத்தில் காயம் பட்டால் மட்டும் ஏன் மறைக்கிறோம்? தூக்கம் வராது, வேலையில் மனம் ஓடாது, 'செத்தால் தேவலை' என்று தோன்றும். அப்போது சிலர் பூசாரியைத் தேடுகிறோம். சிலர் சம்சுவைத் தேடுகிறோம்.

சட்டமும் நம்மைப் பயமுறுத்தியது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை என்றது தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு. 2023இல் அது நீக்கப்பட்டது. இனி அவர் குற்றவாளி அல்லர். உதவி பெற வேண்டியவர்.

அந்த உதவி என்ன? மன ஆலோசகர் புத்திமதி சொல்பவர் அல்லர். பேசவிட்டுக் கேட்பார், வழியை நீங்களே காணத் துணை நிற்பார். உயிருக்கு ஆபத்து என்றாலன்றி உங்கள் பேச்சை வெளியே விடமாட்டார். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் பதிவு பெற்றிருக்க வேண்டும்; கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மனோதத்துவ சிகிச்சை இன்னும் ஆழமானது. பயிற்சி பெற்றவர் பலமுறை சந்தித்து, 'நான் எதற்கும் உதவாதவன்' என்பன போன்ற எண்ணங்களை ஆராய்ந்து மாற்றப் பழக்குவார். தேவையானால் டாக்டர் மருந்தும் தருவார். ஒரே நாளில் குணமாகாது, பொறுமை வேண்டும்.

ஆலோசனை கூலியை உயர்த்தாது, கடனை அடைக்காது. கூலிக்குப் போராடச் சங்கம் இருக்கிறது. ஆனால் போராட ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே!

அரசாங்கக் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 எண்ணிலும் பேசலாம். பக்கத்து வீட்டுத் தோழர் வாடியிருந்தால், தனியே அனுப்பாதீர்கள், கூடவே போங்கள்.