விலை போகாத குப்பை
(தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



பழைய சாமான் வாங்கும் வண்டி லயத்துப் பக்கம் வந்தால் நம் வீடுகளிலிருந்து செய்தித்தாள், பால்டின், இரும்பு, அலுமினியச் சட்டி எல்லாம் வெளியே வருகின்றன. வியாபாரி நிறுத்துப் பார்த்துக் காசு தருகிறார். ஆனால் வண்டி சென்ற பின்னரும் சில பொருள்கள் வாசலிலேயே கிடக்கின்றன: எரியாத குழல் விளக்கு, தீர்ந்துபோன பேட்டரி, களைக்கொல்லி வந்த பிளாஸ்டிக் கலன். இவற்றை யாரும் வாங்குவதில்லை. ஆகவே ஆற்றோரத்திற்கோ, வீட்டுக்குப் பின்னால் மூட்டும் நெருப்புக்கோ இவை போய்ச் சேருகின்றன. விலை போகாத இந்தக் குப்பையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் மருந்துக் கலன். அது உறுதியானது, மூடியும் இறுக்கமானது. கழுவிவிட்டால் தண்ணீர் பிடிக்க உதவுமே என்று தாய்மார்கள் எண்ணுவது இயல்பு. ஆனால் எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய நஞ்சு முழுமையாக நீங்குமென்று நம்புவதற்கில்லை. அந்தக் கலன் அடுக்களைக்குள் வரவே கூடாது.

பாராகுவாட் என்னும் களைக்கொல்லி ஒரு வாய் விழுங்கினாலே உயிரைப் பறிக்கக் கூடியது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியிலிருந்து மலேசியாவில் அது தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் பழைய புட்டி ஏதேனும் கொட்டகை மூலையில் மறந்து கிடக்கலாம். அதைத் திறக்காதீர்கள், வேறு போத்தலில் ஊற்றாதீர்கள், கால்வாயில் கொட்டாதீர்கள். பெயர்ச்சீட்டுடன் அப்படியே தோட்டத்து ஸ்டோரில் ஒப்படையுங்கள்.

மருந்து அடிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கலன் காலியானதும் வேலைத்தலத்திலேயே மூன்று முறை நீர்விட்டு அலசுங்கள். அலசிய நீரைத் தெளிக்கும் கருவியிலேயே ஊற்றிவிடுங்கள். பிறகு கலனின் அடியில் துளையிட்டு ஸ்டோரில் திருப்பிக் கொடுங்கள். துளையிட்ட கலனில் யாரும் தண்ணீர் பிடிக்க முடியாதல்லவா?

அடுத்து, குழல் விளக்கு. அதனுள்ளே சிறிதளவு பாதரசம் இருக்கிறது. பாதரசம் ஆற்றில் கலந்தால் மீன்களின் உடலில் சேர்ந்து, நாம் தூண்டில் போட்டுப் பிடிக்கும் மீன் வழியாக நம் தட்டுக்கே திரும்பி வரும். பழைய விளக்கைப் புதிய விளக்கு வந்த அட்டை உறையில் இட்டு வையுங்கள். தவறி உடைந்தால் பிள்ளைகளை வெளியே அனுப்பிச் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். துடைப்பத்தால் கூட்டாமல், தடித்த அட்டையால் அள்ளி, மூடியுள்ள போத்தலில் இட்டு மூடுங்கள்.

பொத்தான் போன்ற சிறு பேட்டரிகள் குழந்தைகளுக்குப் பேராபத்தானவை. விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்திலேயே வெந்துவிடக்கூடும். ஐயம் ஏற்பட்டாலே உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

எதையும் எரித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். பிளாஸ்டிக்கும் மின்கம்பி உறையும் எரியும் புகை, முதலில் நம் லயத்துப் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் நுழைகிறது. 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் இத்தகைய திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது.

அப்படியானால் என்ன செய்வது? லயத்துக்கு ஒரு மூடியிட்ட பெட்டி போதும். மழை படாத, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் அதை வையுங்கள். விளக்குகளையும் பேட்டரிகளையும் அதில் சேர்த்து வாருங்கள். பெட்டி நிறைந்ததும் எங்கே ஒப்படைப்பது என்பதை நகராண்மைக் கழகத்திடமோ மாவட்ட மன்றத்திடமோ கேட்டறியுங்கள். தோட்ட நிர்வாகத்தின் உதவியையும் நாடுங்கள். பாதரசம் கலந்த கழிவை, 2005ஆம் ஆண்டின் விதிகள் தனிக் கவனத்துடன் அகற்ற வேண்டிய கழிவாகப் பட்டியலிட்டுள்ளன. ஆகவே உங்கள் வேண்டுகோள் நியாயமானதே.

சாமான் வண்டிக்காரர் இவற்றுக்கு ஒரு காசும் தரமாட்டார். ஆனால் நாம் கவனமின்றி எறிந்தால், நம் பிள்ளைகள் அதற்குப் பெரிய விலை கொடுக்க நேரும். இன்று வீடு திரும்பியதும் கொல்லைப்புறத்தை ஒருமுறை சுற்றிப் பாருங்கள்.