இரண்டு சொல் கூடியது



பட்டமளிப்பு விழாவில் யாரும் காதுகொடுத்துக் கேட்காத பகுதி ஒன்று உண்டு. சிறப்பு விருந்தினர் உரையைச் சொல்லவில்லை. அதற்கு இரண்டாம் இடம்தான். முதலிடம் உறுதிமொழிக்கு. அங்கி கழுத்தை உறுத்தும், அப்பா அம்மா எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கண் தேடும், வாய் மட்டும் மேடையில் படிப்பதைத் திருப்பிச் சொல்லும். இத்தாலியில் ஒரு தலைமுறைப் பேராசிரியர்கள் உரசிப் பார்க்கப்பட்டது இப்படியொரு உறுதிமொழியில்தான்.

முசோலினி 1922-ல் பிரதமரானார். சில ஆண்டுகளுக்குள் மற்றக் கட்சிகள் தடைசெய்யப்பட்டன, பத்திரிகைகள் அடங்கின. பல்கலைக்கழகம் பாக்கி இருந்தது. 1931 ஆகஸ்ட் 28-ம் தேதியிட்ட ஆணை அதற்கும் வந்தது. அரசருக்கும் சட்டத்துக்கும் விசுவாசமாக இருப்பதாகப் பேராசிரியர்கள் ஏற்கெனவே உறுதி சொல்லிக்கொண்டிருந்தவர்கள்தான். அரசு உத்தியோகத்தில் அது வழக்கம். புதிய வாசகத்தில் அரசருக்குப் பக்கத்தில் 'பாசிச ஆட்சிக்கும்' என்று இரண்டு சொல் கூடியது. தாய்நாட்டின் மீதும் பாசிச ஆட்சியின் மீதும் பற்றுள்ள குடிமக்களை உருவாக்குவதே ஆசிரியர் வேலை என்று இன்னொரு வரியும் இருந்தது.

சூட்சுமம் அந்த 'உம்'மில் இருக்கிறது. தாய்நாட்டின் மீது பற்று வேண்டாம் என்று எந்த வாத்தியார் சொல்வார்? நாட்டோடு ஆட்சியையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால், ஆட்சியை மறுப்பவன் நாட்டை மறுத்தவனாகிவிடுவான்.

சுமார் 1,200 பேராசிரியர்கள் இருந்தார்கள். மறுத்தவர்கள் பன்னிரண்டு பேர் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. சில பட்டியல்களில் ஓரிருவர் கூடுவார்கள். நூற்றுக்கு ஒருவர்.

அந்த ஒருவர் எப்படிப்பட்டவர்? ரோமில் கணித இயற்பியல் நடத்திய வீட்டோ வோல்டெராவை எடுத்துக்கொள்ளலாம். ஏட்ரியாட்டிக் கடலில் போர்க்காலத்தில் மீன்பிடிப்பு குறைந்தபோது சுறா வகை மீன்களின் பங்கு ஏன் கூடியது என்று மருமகன் கேட்ட கேள்விக்கு விடை தேடப்போய், இரையும் இரைகொல்லியும் பெருகித் தேயும் கணக்கைச் சமன்பாடாக எழுதியவர். இன்றும் உயிரியல் மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். தேசப்பற்று இல்லாதவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. முதல் உலகப் போரில் ஐம்பத்தைந்து வயதில் தானாகவே முன்வந்து ராணுவத்தில் சேர்ந்தவர் அவர். எழுபத்தொரு வயதில் கையெழுத்துப் போட மறுத்தார், வேலை போயிற்று.

மிலானின் தத்துவப் பேராசிரியர் பியரோ மார்ட்டினெட்டி நமக்குச் சற்று நெருக்கமானவர். இளம் வயதில் அவர் ஆராய்ந்தது நம்முடைய சாங்கிய தத்துவத்தை. மறுத்த பிறகு கிராமத்து வீட்டுக்குப் போய்விட்டார். தன்னை விவசாயி என்று சொல்லிக்கொண்டார். அப்போதும் விடவில்லை, 1935-ல் சில நாள் சிறையில் வைத்தார்கள். சட்டப் பேராசிரியர் பிரான்செஸ்கோ ருஃபினி மறுத்தார். பெருஜியாவில் பாடம் நடத்திய அவர் மகன் எதோவார்தோவும் மறுத்தார். மகனுக்கு அப்போது முப்பது வயதுதான், ஓய்வூதியக் கணக்குப் பார்க்கும் வயதில்லை.

மீதி அத்தனை பேரும் கோழைகளா? அப்படிச் சொல்லிவிட்டால் இந்த உரை சீக்கிரம் முடியும், அரங்கிலும் கைதட்டல் கிடைக்கும். ஆனால் கையெழுத்திட்டவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாமே கௌரவமானவை. நாம் விலகினால் அந்த நாற்காலியில் கட்சிக்காரன் உட்காருவான் என்றார்கள். பாசிசத்தை வெளிப்படையாக எதிர்த்த தத்துவஞானி குரோச்சேகூட, வகுப்பறையை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று சிலருக்கு யோசனை சொன்னார். மனதுக்குள் ஒரு விலக்கு வைத்துக்கொண்டு கையெழுத்திடலாம் என்று கத்தோலிக்கர்களுக்கு வழிகாட்டப்பட்டது. கம்யூனிஸ்ட்டான லத்தீன் அறிஞர் கொன்செட்டோ மார்க்கேசியும் கட்சி சொல்லித்தான் கையெழுத்திட்டார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, பதுவா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தபோது, எதிர்த்துப் போராடக் கிளம்புங்கள் என்று மாணவர்களுக்கு அறைகூவல் விட்டுவிட்டுத் தலைமறைவானார். அவர் விஷயத்தில், நாற்காலியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற காரணம் நிஜமாகவே பலித்தது.

மற்றவர்கள் விஷயத்தில் அவ்வளவாகப் பலிக்கவில்லை. கையெழுத்திட்டபின் பாடம் வழக்கம்போல் நடந்தது, சம்பளம் வந்தது. உள்ளே வைத்திருந்த அந்த விலக்கு வெளியே யாருக்கும் தெரியவில்லை. மாணவனுக்குத் தெரிந்ததெல்லாம், மதிப்புக்குரிய ஆசிரியர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்பதுதான்.

இங்கே இருக்கும் இளம் ஆய்வாளர்கள் ஒரு மாணவரின் கதையைக் கேட்க வேண்டும். பண்டைய வரலாற்றில் பெரிய பெயரான கயெட்டானோ டி சாங்க்டிஸும் மறுத்த பன்னிருவரில் ஒருவர். ரோமில் அவர் விட்டுப்போன கிரேக்க வரலாற்றுப் பாடத்தை 1932-ல் நடத்த வந்தவர் அவருடைய மாணவர் ஆர்னால்டோ மோமில்யானோ. வயது இருபத்துநான்கு. அபாரத் திறமைசாலி, யூதக் குடும்பம். ஆசிரியர் இழந்த இடத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தே நின்றார். அந்த வயதில், அந்த வாய்ப்பு வந்தால், நம்மில் எத்தனை பேர் வேண்டாம் என்போம்?

1938-ல் இன வெறிச் சட்டங்கள் வந்தன. யூதப் பேராசிரியர்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். 1931-ல் விசுவாச உறுதி சொல்லியிருந்தார்களே என்று யாரும் பார்க்கவில்லை. ஐன்ஸ்டைன் தன் பொதுச் சார்பியலுக்குப் பயன்படுத்திய கணிதத்தை வளர்த்த லெவி-சிவிட்டா கையெழுத்திட்டவர், அவரும் போனார். அதற்குள் டூரினில் பேராசிரியராகியிருந்த மோமில்யானோவும் போனார். அவர் இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்து, பின்னாளில் லண்டனில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். பெற்றோர் தப்பவில்லை, நாஜிகளின் வதைமுகாமில் மாண்டார்கள். விசுவாசத்தை எழுதி வாங்கிய ஆட்சி, பதிலுக்கு எதையும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

ரோம் 1944-ல் விடுதலையானபோது டி சாங்க்டிஸுக்கு அவர் பதவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் கண்பார்வை போயிருந்தது. 1950-ல் குடியரசுத் தலைவர் லூயிஜி எய்னாவ்தி அவரை ஆயுட்கால செனட்டராக நியமித்தார். எய்னாவ்தி பொருளாதாரப் பேராசிரியர். 1931-ல் குரோச்சேயின் யோசனையைக் கேட்டு அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர்.