மலிவா கிடைக்குதுன்னு மயங்காதீங்க



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக்ல பேசிப் பழக்கமில்லை. நான் ஏமாந்த கதையைக் கேட்டு நாலு பேராவது தப்பிக்கட்டும்னுதான் எழுந்து வந்தேன்.

தீபாவளிக்கு முன்னாடி போன்ல ஒரு விளம்பரம் வந்துச்சு. பெரிய கம்பெனி ஹேண்ட்பேக், 8,000 ரூபாய் பை வெறும் 499. "இன்னும் பத்து நிமிஷம்தான்"னு கடிகாரம் வேற ஓடுது. பத்து பை வாங்கி கூட்டேரிப்பட்டுல 800, 800ன்னு வித்துடலாம்னு கணக்கு போட்டேன். குழுவுல 5,000 கடன் எடுத்து அனுப்பிட்டேன்.

வந்த பைல ஒரே பிளாஸ்டிக் நாத்தம். ஜிப் நகரல. கம்பெனி பேர்லயே ஒரு எழுத்தைக் காணோம். போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப். ஒரு வாரம் கழிச்சு, "பணம் திருப்பித் தர்றோம், இதை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க"ன்னு ஒருத்தர் பேசினார். ஒன்பதாவது படிக்கிற என் பொண்ணுதான், "அம்மா, பணம் வர்றதுக்கு பின் எதுக்கு?"ன்னு போனைப் பிடுங்கினா. பணம் அனுப்பத்தான் பின், வாங்க வேண்டாம்.

"500க்கு எனக்கு ஒண்ணு குடு"ன்னு பக்கத்து வீட்டுல கேட்டாங்க. கை நீண்டுச்சு, ஆனா மனசு கேக்கல. போலின்னு தெரிஞ்சே வித்தா, 1999 வணிகக் குறிச் சட்டப்படி ஆறு மாசத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வாட்ஸ்அப்ல பை, வாட்ச், கண்ணாடி விக்கிற தங்கச்சிங்க இதைக் கவனிங்க. ஏமாந்தவளே இன்னொருத்தியை ஏமாத்தினவளா ஆயிடக் கூடாது.

பணம் அனுப்புறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனியோட சொந்தக் கடையில என்ன விலைன்னு பாருங்க. பத்துல ஒரு பங்கு விலைன்னா சந்தேகப்படுங்க. இணையதளப் பேரை எழுத்துக்கூட்டிப் படிங்க. 2020 விதிப்படி ஆன்லைன் கடைக்காரங்க பேர், முகவரி, புகார் வாங்குற அதிகாரி விவரம் எல்லாம் போட்டிருக்கணும். அது இல்லாத கடை வேண்டாம். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்து வைங்க.

பணம் போயிட்டா வெக்கப்பட்டு மறைக்காதீங்க. உடனே 1930க்குப் போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னா பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. பொருள்ல குறைன்னா நுகர்வோர் உதவி எண் 1915. நான் வெக்கப்பட்டு ஒரு மாசம் வாயே திறக்கல.

அந்தப் பத்து பையும் இன்னிக்கும் பரண்மேல கெடக்கு. பால் காசுல மாசம் 500 கட்டி குழுக் கடனை அடைச்சேன். அது என் காசு மட்டுமில்ல, நீங்க எல்லாரும் வயித்தைக் கட்டி சேத்த காசு.