படிப்பு ஏறாது என்று யார் சொன்னது?

(வாணியம்பாடியில் தோல், காலணித் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தங்கைகளே!

இந்தப் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. நீங்களும் கேட்டிருப்பீர்கள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிறவருடைய பிள்ளை பத்தாம் வகுப்பில் தவறிவிட்டால், "அவங்க ரத்தம் அப்படி, படிப்பு ஏறாது" என்பார்கள். அதே மதிப்பெண்ணை வசதியான வீட்டுப் பிள்ளை வாங்கினால் டீச்சரைக் குறை சொல்வார்கள், டியூஷன் தேடுவார்கள். அந்தப் பேச்சை உடைக்கத்தான் இந்த மேடையில் ஏறியிருக்கிறேன்.

ரத்தம் பேசுகிறவர்கள் ஓர் ஆய்வைத் தெரிந்துகொள்ளட்டும். கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உலக வங்கிக்காகச் செய்தது, 2004-இல் வெளிவந்தது. உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பையன்களைக் கூப்பிட்டார்கள். உயர்ந்த சாதி என்று சொல்லிக்கொள்ளும் வீடுகளிலிருந்து 321 பேர், சமார் வீடுகளிலிருந்து 321 பேர். சமார் யார்? வடக்கே தோலோடு சேர்த்துக் கட்டப்பட்ட மக்கள். நம்மவர்கள். காகிதத்தில் அச்சடித்த வழி கண்டுபிடிக்கும் புதிரைக் கொடுத்து, போட்ட புதிருக்குக் காசும் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று யாரும் வாய் திறக்காத குழுக்களில் இரண்டு தரப்பும் சமமாகப் போட்டார்கள். வேறு குழுக்களில் பையனுடைய பெயர், ஊர், அப்பா பெயர், தாத்தா பெயர், கடைசியில் சாதி, எல்லாவற்றையும் மற்றப் பிள்ளைகள் முன்னால் வாசித்துவிட்டுப் புதிரைக் கையில் கொடுத்தார்கள். சமார் பையன்கள் போட்ட எண்ணிக்கை சரிந்துவிட்டது.

அதே வயது. அதே புதிர். சாதியை வாசித்தது மட்டும்தான் புதிது. ரத்தம் ஐந்து நிமிடத்தில் மாறுமா? கேட்டவன் மனதில் விழுந்த அடி கையைக் கட்டிப்போட்டது. நம் வகுப்பறைகளில் "ஸ்காலர்ஷிப் பசங்க எழுந்திரிங்க" என்று நாற்பது பிள்ளைகள் நடுவே கூப்பிடுகிறோமே, அந்த ஆய்வில் ஒருநாள் நடந்ததை நாம் வருஷம் பூராவும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அடங்கிப்போகிற குணத்தை ஊர்தான் கற்றுக்கொடுக்கிறது. அரிவாள் தூக்குகிற குணத்தையும் ஊர்தான் கற்றுக்கொடுக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் யார்? அவனோடு பள்ளிக்கூடம் போனவர்கள். அந்தப் பையன்கள் வெறுப்போடு பிறக்கவில்லை. தெரு கொடுத்தது, வீடு கொடுத்தது, கையில் கட்டிய கயிற்றின் நிறம் கொடுத்தது. அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதிக் கயிறு கூடாது, பள்ளியின் பெயரில் சாதி கூடாது, வகுப்பில் பெயரின் அகரவரிசையில் உட்கார வை என்றெல்லாம் சொன்னது. பிள்ளை உட்காருகிற இடம் மாறினால் பிள்ளை மாறும் என்று நம்பி எழுதிய அறிக்கை அது. அதைக் கிண்டல் செய்தவர்களை எனக்குத் தெரியும். தங்கள் பிள்ளைக்கு மட்டும் நல்ல பள்ளிக்கூடம், நல்ல சேர்க்கை என்று ஊர் ஊராய்த் தேடுகிறவர்கள்தான் அவர்கள். சூழல் முக்கியம் என்று அவர்களுக்கும் தெரியும்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1919-இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரியில் பல்லாண்டுகள் தமிழ் நடத்தியவர் கவிக்கோ அப்துல் ரகுமான். உங்களில் பலருடைய அப்பாமார் அவர் வகுப்பில் உட்கார்ந்தவர்கள். மதுரையில் பிறந்தவர், உருதுக் கவிஞர்கள் வழிவந்த குடும்பம். ரத்தம்தான் எல்லாம் என்றால் அவர் உருதுவோடு நின்றிருக்க வேண்டும். மதுரைத் தெருவும் தியாகராசர் கல்லூரியும் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தன. 'ஆலாபனை'க்கு 1999-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இந்த ஊர் பாய்மார்கள் நூறு வருஷத்துக்கு முன்னால் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்று கட்டினார்களே, ஏன் கட்டினார்கள்? கட்டினால் பிள்ளை வேறு ஆளாக வரும் என்று தெரிந்து கட்டினார்கள். அந்த அறிவு தொட்டியில் நிற்கிறவன் பிள்ளைக்கும் செல்லும் என்றுதான் நான் சொல்கிறேன்.

1953-ஐ நினைத்துப் பாருங்கள். ராஜாஜி முதலமைச்சர். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் படிப்பு, மீதி நேரம் அப்பன் தொழில் என்று ஒரு திட்டம். கட்டடம் போதவில்லை, வாத்தியார் போதவில்லை என்று காரணம் சொன்னார்கள். அந்தத் திட்டம் அப்படியே வேரூன்றியிருந்தால், தோல் தொழில் குடும்பத்துப் பிள்ளைக்கு மத்தியானப் பாடம் எது? சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும்தான். பத்து வயதில் தொட்டி நாற்றம் பழகிவிடும். இருபது வயதில் "பார்த்தீர்களா, இவனுக்கு இதுதான் வரும்" என்று ஊர் சொல்லும். வராதபடி செய்துவிட்டு வராது என்று சொல்வது! பெரியார் அதைக் குலக்கல்வி என்று சொல்லி ஊர் ஊராய் எதிர்த்தார். 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சர் ஆனார், மே மாதமே அந்தத் திட்டம் போயிற்று. பிறகு அவர் பள்ளிகளைத் திறந்தார், மதியச் சோறு போட்டார். 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார், 2022-இல் காலைச் சிற்றுண்டி வந்தது. பசியோடு உட்கார்ந்த பிள்ளையை மந்தம் என்று சொன்ன வாத்தியார்கள், சோறு போட்ட பிறகு அதே பிள்ளை கை தூக்கியதைப் பார்த்தார்கள்.

ஆனால் தாய்மார்களே, குலக்கல்வி போய்விட்டதா? ஆம்பூரிலும் இங்கேயும் வீட்டுத் திண்ணையில் ஏஜென்ட் மூட்டை இறக்குகிறார். ஷூவின் மேல்பாகத்துக்கான அப்பர் துண்டுகள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. ஊசி, நூல், வெளிச்சம், முதுகு எல்லாம் உங்களுடையது. அந்த ஷூ ஐரோப்பாவில் என்ன விலைக்குப் போகிறது என்று உங்களுக்கு யாரும் சொல்வதில்லை. ஜோடிக் கணக்கில் கூலி கிடைக்கும்போது கை கூடினால்தான் காசு கூடும். அதனால் நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வந்த பெண் பிள்ளை பையை வைத்துவிட்டு ஊசியை எடுக்கிறாள். அண்ணன் விளையாடப் போகிறான், அவள் தைக்கிறாள். யாரும் அவளை அடிக்கவில்லை, அதட்டவில்லை. அம்மா கஷ்டப்படுகிறாளே என்று அவளாகவே உட்காருகிறாள். அரசாங்க உத்தரவு போட்டு 1953-இல் செய்யப் பார்த்ததை இன்றைக்குக் கூலி விகிதம் சத்தமில்லாமல் செய்துவிட்டது. பத்தாவதில் அவள் கணக்கில் தவறினால் அதற்கும் ரத்தம் காரணமா?

அம்மாவை நான் குற்றம் சொல்லவில்லை. கூலியைச் சொல்கிறேன். வீட்டில் இருந்து வேலை செய்கிறவரும் தொழிலாளியே என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் 177-ஆம் உடன்படிக்கை எழுதியது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் பேறுகால நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். தங்கைகளே, உங்கள் கம்பெனியில் அந்த அறை இருக்கிறதா? இருந்தால் அதில் ஆயா இருக்கிறாரா, பூட்டு தொங்குகிறதா? ஒன்றரை வயதுக் குழந்தை நாள் முழுக்க யாரோடு பேசுகிறது, யார் அதற்குப் பதில் சொல்கிறார்கள் என்பதில்தான் அதன் பேச்சு வளர்கிறது. எட்டு மணி நேரம் பக்கத்து வீட்டுக் கிழவியின் தூக்கத்துக்குக் காவல் இருந்த குழந்தை முதல் வகுப்பில் மௌனமாக இருந்தால் அதை மக்கு என்று எழுதாதீர்கள்.

அதனால் கேட்கிறோம். வீட்டுத் தையலுக்கு ஜோடிக் கூலியைக் கம்பெனி வாசலில் பலகையில் எழுதிப் போடு. ஏஜென்ட் பெயரையும் எழுது. காப்பக அறையைத் திற. ஸ்காலர்ஷிப் பட்டியலை வகுப்பில் வாசிக்காதே, அலுவலகத்தில் கூப்பிட்டுக் கொடு. மாலையில் பள்ளிக் கட்டடத்தை ஏழு மணி வரை திறந்து வை, பிள்ளைகள் விளக்கு வெளிச்சத்தில் படிக்கட்டும்.

காலணி, தோல் தொழிலாளர்களுக்கு அரசு நலவாரியம் இருக்கிறது, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித் தொகை தருகிறது. பதிவு செய்யாதவர்கள் இங்கே பாதிக்கு மேல் இருப்பீர்கள். மேடைக்கு வலப்பக்கம் மேசை போட்டிருக்கிறோம். ஆதார், ரேஷன் அட்டை நகல் வைத்திருப்பவர்கள் இப்போதே எழுதிவிட்டுப் போங்கள். வீட்டில் தைக்கிற அம்மாக்கள் முதலில் வாருங்கள்.