பால் பெட்டியில் வந்த சட்டம்



முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர் என்பது நம் ஊர்ப் பேச்சு. சுவீடனில் முருங்கைக்குப் பதில் பிர்ச் மரம். அதன் விளார் அந்த நாட்டுப் பிள்ளைகளின் முதுகில் தலைமுறை தலைமுறையாக இறங்கியிருக்கிறது.

பிப்பி என்ற குறும்புக்காரச் சிறுமியைப் படைத்த சுவீடன் எழுத்தாளர் ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன், 1978 அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஒரு பரிசு பெற்றார். ஏற்புரையில் ஒரு தாயின் கதையைச் சொன்னார். அந்தத் தாய்க்கு அடித்து வளர்ப்பதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஒருநாள் மகன் செய்த தப்புக்கு அடிதான் சரி என்று தோன்றிவிட்டது. "நீயே போய் ஒரு விளார் ஒடித்து வா" என்று அனுப்பினாள். வெகுநேரம் கழித்து அழுதுகொண்டே வந்தான் பையன். விளார் கிடைக்கவில்லையாம். கையில் ஒரு கல். இதையாவது என்மேல் எறியுங்கள் என்று நீட்டினான்.

அம்மாவுக்கு வேண்டியது தனக்கு வலிப்பதுதான், அதற்குக் கல்லும் போதும் என்று அந்தப் பிஞ்சு மனம் முடிவுகட்டியிருந்தது. தாயும் அழுதாள். அந்தக் கல்லை எடுத்து அடுக்களை அலமாரியில், தன் கண்ணில் படும்படி வைத்துக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு, 1979 ஜூலை 1 முதல், பெற்றோரும் பிள்ளையை அடிக்கக் கூடாது என்ற சட்டம் சுவீடனில் நடைமுறைக்கு வந்தது. உலகிலேயே முதல் முறை. நாடாளுமன்றத்தில் ஆதரவு 259, எதிர்ப்பு 6. அந்த ஒரு பேச்சால் வந்த மாற்றமென்று சொல்ல முடியாது. அடிக்கும் பெற்றோருக்குச் சட்டத்தில் இருந்த பாதுகாப்பை 1957 முதலே அந்த நாடு ஒவ்வொன்றாக எடுத்துவந்தது.

இந்தச் சட்டத்தில் தண்டனைப் பிரிவே கிடையாது. பிள்ளையைக் காயப்படுத்தினால் பழைய குற்றவியல் சட்டம் இருக்கிறது. பிள்ளையைக் கண்காணிக்கும் பொறுப்பும் பெற்றோரிடமே இருந்தது. அரசு செய்தது வேறு வேலை: பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் கையேடு அனுப்பியது. இரண்டு மாதம் பால் பெட்டிகளில் செய்தியை அச்சிட்டது. காலை உணவு மேசையில் அப்பாவின் கண்ணிலும் பிள்ளையின் கண்ணிலும் ஒரே வாசகம் பட்டது. எந்த நீதிமன்றமும் செய்ய முடியாத காரியம் அது.

இந்தச் சட்டத்தை எதிர்த்துச் சில பெற்றோர் ஐரோப்பிய மனித உரிமை ஆணையம் வரை போனார்கள். 1982இல் அவர்கள் மனு ஏற்கப்படவில்லை.

இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் அடிப்பதைத் தடுக்கிறது. வீட்டில் ஓங்கும் கையைப் பற்றி அதில் பேச்சில்லை. பக்கத்து நேபாளம் 2018இல் வீட்டுக்கும் சேர்த்துத் தடை விதித்தது. தெற்காசியாவில் அதுவே முதல்.