‘மற்றும் பலர்’ என்று முடிக்கக் கூடாத பட்டியல்

(புன்னப்புரா – வயலார் நினைவு வாரத்தையொட்டி, மறைந்த தோழர்களுக்கு அஞ்சலி செலுத்தும் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

கேரளத்தின் ஆலப்புழை நகரில் வலிய சுடுகாடு என்றோர் இடம் இருக்கிறது. பெரிய சுடுகாடு என்பதே அந்தப் பெயரின் பொருள். 1946 அக்டோபர் 24 அன்று புன்னப்புராவில் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஆயுதப் படையினர் சுட்டுக் கொன்ற தொழிலாளர்களின் உடல்கள் இங்கே கொண்டுவரப்பட்டுக் குவியலாக எரிக்கப்பட்டன. மூன்று நாள் கழித்து, 27ஆம் தேதி வயலாரில் மீண்டும் துப்பாக்கிச் சூடு. இரண்டு இடங்களிலும் மாண்டவர் எத்தனை பேர்? நூலுக்கு நூல் கணக்கு மாறுகிறது. சுட்டவர்களுக்குக் கணக்கு வைக்கும் எண்ணம் இல்லை. சுடப்பட்டவர்களின் குடும்பங்களோ இராணுவச் சட்டத்தின் பிடியில் இருந்தன. உடலைத் தேடி வருபவரும் பிடிபடுவார் என்ற நிலையில், உரிமை கோரப்படாத உடல்கள் பெயரில்லாத சாம்பலாயின.

அதே மண்ணில்தான் 1948இல் தோழர் பி.கிருஷ்ணபிள்ளையின் உடல் எரியூட்டப்பட்டது. 2021 மே மாதத்தில் கே.ஆர்.கௌரியம்மாவும், 2025 ஜூலை 23 அன்று தோழர் வி.எஸ்.அச்சுதானந்தனும் அங்கேயே விடைபெற்றனர். திருவனந்தபுரத்திலிருந்து ஆலப்புழை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அந்தத் தொலைவைக் கடக்க வி.எஸ். உடலைச் சுமந்த வாகனத்திற்கு 22 மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. நள்ளிரவிலும் மழையிலும் சாலையின் இருபுறமும் மக்கள் நின்றிருந்தனர். கைக்குழந்தையோடு வந்த பெண்களும், தடியூன்றி வந்த முதியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர்.

வி.எஸ். இல்லாத நினைவு வாரம் இது. 1964இல் தேசியக் குழுவிலிருந்து வெளியேறிய 32 தோழர்களில் கடைசி இருவராக எஞ்சியிருந்தவர்கள் தமிழ்நாட்டின் தோழர் என்.சங்கரய்யாவும் வி.எஸ்.சும் ஆவர். 2023 நவம்பர் 15 அன்று சங்கரய்யா மறைந்தார். இப்போது வி.எஸ்.சும் மறைந்துவிட்டார். அந்த 32 பேரில் இன்று ஒருவரும் இல்லை. ஒரு தலைமுறையின் வரலாற்றை இனி நேரில் கேட்டறிய இயலாது. எழுதி வைத்ததுதான் மிஞ்சும். எழுதப்படாதது சாம்பலோடு போகும்.

எனவே இந்த அஞ்சலிக் கூட்டத்தில் தலைவர்களின் பெருமையைப் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தத் தலைவர்களின் வாழ்க்கைக்குள் பெயர் தெரியாமல் நின்றவர்களைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் கிருஷ்ணபிள்ளை. கட்சி தடை செய்யப்பட்டிருந்த காலம். ஆலப்புழையை அடுத்த முகம்மா அருகே, கண்ணர்காட்டில் ஒரு தொழிலாளியின் குடிசையில் அவர் தலைமறைவாக இருந்தார். 1948 ஆகஸ்ட் 19 அன்று அங்கே பாம்பு தீண்டி உயிர்நீத்தார். கேரளத்தில் கட்சியைக் கட்டியெழுப்பியவரின் கடைசி நாட்களைக் காத்தது ஓலை வேய்ந்த ஒரு வீடு. தேடப்படும் ஒருவருக்கு இடமளித்தது வெளியே தெரிந்தால் அந்தக் குடும்பத்தின் கதி என்னவாகியிருக்கும் என்பதை ஆலப்புழையில் அன்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அது தெரிந்தேதான் அவர்கள் கதவைத் திறந்தார்கள். அந்த வீட்டில் அடுப்பெரித்தவரின் பெயர் கட்சி உறுப்பினர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்து வி.எஸ். நான்கு வயதில் தாயை இழந்தார். பதினொரு வயதில் தந்தையையும் இழந்தார். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. அண்ணனின் தையற்கடையில் உதவியாளராகவும், பிறகு கயிற்றுத் தொழிற்சாலையில் தொழிலாளியாகவும் வேலை செய்தார். 1940இல், 17 வயதில் கட்சியில் சேர்ந்தார். கிருஷ்ணபிள்ளை அவரைக் குட்டநாட்டிற்கு அனுப்பினார். கடல்மட்டத்திற்குக் கீழே கிடக்கும் அந்த வயல்களில், ஜென்மிகளின் பிடியில் இருந்த விவசாயத் தொழிலாளர்களிடையே சங்கம் அமைக்கும் பணி அது. கூலியைக் கூட்டிக் கேட்பதற்கு முன்னால், நிமிர்ந்து நின்று பேசலாம் என்பதையே அந்த மக்களுக்கு உணர்த்த வேண்டியிருந்தது. இரவில் தோணியில் போய் வீடு வீடாகப் பேசிய இளைஞருக்குக் கஞ்சி கொடுத்தவர்களும், ஜென்மியின் ஆட்கள் வரும்போது எச்சரித்தவர்களும் அந்தச் சங்கத்தின் முதல் உறுப்பினர்கள்.

1946 அக்டோபரில் வி.எஸ். பூஞ்சாறில் கைதானார். காவலில் கடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டார். துப்பாக்கியின் கத்திமுனை அவர் பாதத்தைத் துளைத்தது. இறந்துவிட்டார் என்றே காவலர்கள் எண்ணினர். திருட்டு வழக்கில் பிடிபட்டு அங்கே இருந்த ஒருவர்தான் மூச்சு ஓடுவதைக் கண்டு சொன்னார் என்றும், அதன் பிறகே பாலா மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள் என்றும் அந்த நிகழ்வு சொல்லப்பட்டு வருகிறது. பின்னாளில் முதலமைச்சரான ஒருவரின் உயிர், அன்று ஒரு திருட்டுக் கைதியின் கண்ணில் தங்கியிருந்தது. அவருக்குக் கட்சி தெரியாது. கொள்கையும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பக்கத்தில் கிடப்பவனுக்கு உயிர் இருக்கிறது என்று சொல்லும் மனம் இருந்தது.

மூன்றாவதாக கௌரியம்மா. சேர்த்தலைக்கு அருகே பட்டணக்காட்டில் 1919இல் பிறந்தவர். 1957 ஏப்ரல் 5 அன்று பொறுப்பேற்ற முதல் கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் வருவாய்த் துறை அமைச்சர். ஆறே நாளில், ஏப்ரல் 11 அன்று, குடியிருப்போரையும் குத்தகையாளரையும் வெளியேற்றத் தடை விதிக்கும் அவசரச் சட்டம் வந்தது. பல தடைகளைத் தாண்டி, நிலச் சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிப் பகுதியில் குடிசை போட்டு வாழ்ந்தவர்களுக்கு 10 சென்ட் வரை நிலம் சொந்தமாகலாம் என்றது சட்டம்.

ஆனால் சட்டப் புத்தகத்திலிருந்து நிலம் தானாக நடந்து குடிசைக்கு வரவில்லை. 1969 டிசம்பரில் ஆலப்புழையில் கூடிய மாநாடு, உரிமையை மக்களே நிலைநாட்ட வேண்டும் என அழைத்தது. குடிசைவாசிகள் தங்கள் 10 சென்ட்டை அளந்து வேலி கட்டினார்கள். அந்த எல்லைக்குள் நின்ற தென்னையில் தாங்களே தேங்காய் பறித்தார்கள். அந்தப் போராட்டத்தில் கள்ளிக்காட்டில் நீலகண்டனும் பார்கவியும் உயிர்நீத்தனர். வேலி கட்டியதற்காக அடிபட்டவர்கள், வழக்கில் அலைந்தவர்கள், இரவெல்லாம் எல்லையில் காவல் இருந்த பெண்கள் ஆகியோரின் பெயர்களுக்கு முழுமையான பட்டியல் இல்லை. சட்டத்தை இயற்றியவரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சட்டத்தை மண்ணில் இறக்கியவர்கள் ‘மற்றும் பலர்’ ஆகிவிட்டார்கள்.

கௌரியம்மாவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1994இல் அவர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். பிறகு தனிக் கட்சி நடத்தினார். எதிர் அணியின் அமைச்சரவையிலும் இருந்தார். அதையெல்லாம் அழித்துவிட்டு அவரை நினைவுகூர்வது நேர்மை ஆகாது. அதைக் காரணம் காட்டி 1957ஐ அழிப்பதும் நேர்மை ஆகாது. ஒரு வாழ்க்கையை அதன் மேடு பள்ளங்களோடு எழுதுவதே அஞ்சலி.

தோழர்களே! பெயர்களை எழுதி வைப்பது ஏன் இவ்வளவு அவசரமான பணி? இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், எழுதப்பட்ட பெயர்களையே அழிக்க முயலும் காலம் இது. புன்னப்புரா – வயலார் எழுச்சி, திவான் சி.பி.ராமசாமி ஐயர் கொண்டுவர முனைந்த ‘அமெரிக்க மாடல்’ ஆட்சித் திட்டத்திற்கு எதிராக எழுந்தது. மக்களாட்சியின் தோற்றத்தைக் காட்டிவிட்டு, அதிகாரத்தைத் திவானிடமே வைத்திருக்கும் திட்டம் அது. கூராக்கிய பாக்கு மர ஈட்டிகளோடு துப்பாக்கியை எதிர்கொண்டவர்கள் கயிற்றுத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள், மீனவர்கள், கள்ளிறக்குவோர். ஒன்றிய அரசு இதை விடுதலைப் போராட்டத்தின் பகுதியாக ஏற்க 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடுதலைப் போராட்டத் தியாகிகளின் அகராதியைப் பிரதமரே 2019இல் வெளியிட்டார். மறு ஆண்டே, அந்த அகராதியின் தென்மாநிலத் தொகுதியிலிருந்து புன்னப்புரா – வயலார் தியாகிகளின் பெயர்களை நீக்கப் பரிந்துரை உள்ளது என்ற செய்தி வெளியாயிற்று. அச்சில் ஏறிய பெயருக்கே இந்த நிலை என்றால், எங்கும் எழுதப்படாத பெயரை அழிக்க யாரும் முயற்சிகூடச் செய்ய வேண்டியதில்லை. மறதியே அந்த வேலையைச் செய்து முடித்துவிடும்.

இரண்டாவது காரணம் வயிற்றோடு தொடர்புடையது. விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஒன்றிய அரசின் ஓய்வூதியத்திற்குப் பொதுவாக ஆறு மாதச் சிறைவாசத்திற்கோ தலைமறைவு வாழ்க்கைக்கோ ஆவணச் சான்று வேண்டும். சிறைப்பதிவேட்டில் ஏறியவருக்குச் சான்று உண்டு. வழக்கில் பெயர் சேராமல் காயலோரக் குடிசைகளில் ஒளிந்தவருக்கும், அவரை ஒளித்து வைத்தவருக்கும் என்ன சான்று இருக்கும்? எழுத்தறிவும் ஆவணமும் இல்லாதவரின் தியாகத்தை அரசின் விதிகள் காண்பதில்லை. அதைக் காண வேண்டிய கடமை கட்சிக் கிளைக்கு இருந்தது.

இங்கே கட்சி தன்னையும் விமர்சித்துக்கொள்ள வேண்டும். மாநாடுகள் அஞ்சலித் தீர்மானத்தோடுதான் தொடங்குகின்றன. உலகத் தலைவர்கள், அகில இந்தியத் தலைவர்கள், மாநிலத் தலைவர்கள் என வரிசையாகப் பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. கடைசியில், ‘இந்தக் காலத்தில் மறைந்த கிளை உறுப்பினர்கள் மற்றும் பலர்’ என்று ஒரு வரி வருகிறது. அனைவரும் எழுந்து ஒரு நிமிடம் மௌனம் காத்து அமர்கிறார்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனை ஆண்டு உழைப்பு அடங்கிக் கிடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க அந்த ஒரு நிமிடம் போதாது.

கயிறு திரிக்கும் ஊர்களின் கிளைகளில் இப்படியொரு பெண் தோழர் இல்லாமல் இருக்கமாட்டார். காயல் நீரில் மாதக்கணக்கில் ஊறி அழுகிய தேங்காய் மட்டையைக் கட்டையால் அடித்து நாரெடுத்தவர். ராட்டில் கயிறு திரித்து விரல்கள் காய்த்துப்போனவர். மேடையில் ஒருநாளும் பேசாதவர். ஆனால் ஊர்வலத்தில் கொடி பிடித்தவர். வேலைநிறுத்த நாட்களில் தன் பானையிலிருந்து ஒரு பிடி அரிசியைப் போராட்டக் கஞ்சிக்கு எடுத்து வைத்தவர். உண்டியல் வசூலுக்கு முதல் ஆளாக வந்தவர். லெவியை ஒரு மாதமும் நிறுத்தாதவர். அவர் இறந்த அன்று உடலின்மீது கொடி போர்த்தப்படுகிறது. முழக்கம் எழுப்பப்படுகிறது. அடுத்த புதுப்பித்தலின்போது உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயர் அடிக்கப்படுகிறது. அவரைப் பற்றிக் கட்சி எழுதிய கடைசி எழுத்து அந்தக் கோடுதான் என்றால், அது அவருக்கு நேர்ந்த அநீதி.

இதை மாற்றப் பெரும் நிதியோ ஆய்வு நிறுவனமோ தேவையில்லை. ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டால் போதும். ஓர் உறுப்பினர் மறைந்தால் ஒரு மாதத்திற்குள் கிளைச் செயலாளரும் இளம் தோழர் ஒருவரும் அந்த வீட்டிற்குச் செல்ல வேண்டும். பெயர், பெற்றோர், ஊர், தொழில், முதலில் வாங்கிய கூலி, சங்கத்தில் சேர்ந்த ஆண்டு, அவரைச் சேர்த்தவர் யார், பங்கேற்ற போராட்டம், சந்தித்த வழக்கு, காத்தவர், கைவிட்டவர் அனைத்தையும் கேட்டு எழுத வேண்டும். கட்சியோடு அவருக்கிருந்த மனக்கசப்பையும் எழுத வேண்டும். புகழுரை வேண்டாம், நடந்தது போதும். எழுதியதைக் கிளைக் கூட்டத்தில் வாசித்து, தெரிந்தவர்கள் திருத்திய பின் பதிவு செய்ய வேண்டும். உயிரோடிருக்கும் மூத்த தோழர்களிடம் இந்த வேலையை இன்றே தொடங்குவது அதனினும் சிறந்தது. இறந்த பிறகு பிள்ளைகளைக் கேட்டால், ‘அம்மா கூட்டத்துக்குப் போவாங்க’ என்பதற்கு மேல் பல வீடுகளில் பதில் கிடைக்காது.

இந்தப் பணியை வெறும் பழமை பேசுதல் என்று ஒதுக்கிவிட முடியாது. அந்த நோட்டுப் புத்தகத்தைப் படிக்கும் இளம் உறுப்பினர், தன் தெருவில் எட்டு மணி நேர வேலையையும் கூலி உயர்வையும் வீட்டு மனையையும் யார் பெற்றுத் தந்தார்கள் என்பதை முகத்தோடும் பெயரோடும் அறிவார். தலைவர்களின் வரலாறு அவருக்கு வியப்பைத் தரும். பக்கத்து வீட்டுக்காரரின் வரலாறு, தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கையைத் தரும்.

2019 அக்டோபரில் புன்னப்புரா தியாகிகள் நினைவு நிகழ்ச்சியில் பங்கேற்றுத் திரும்பிய பிறகுதான் வி.எஸ். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். அதன் பின் அவர் பொதுமேடைக்கு வரவில்லை. 73 ஆண்டுகளுக்கு முன் தன்னோடு நின்று மாண்டவர்களுக்குச் செலுத்திய அஞ்சலியே அவருடைய கடைசிப் பொதுக் கடமைகளுள் ஒன்றாயிற்று. மாண்டவர்களில் பலருக்குப் பெயர் தெரியாது. ஆயினும் அவர் போனார்.

வலிய சுடுகாட்டில் பெயர் பொறித்த நினைவிடங்கள் இருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள மண்ணில் பெயர் பொறிக்கப்படாதவர்களும் இருக்கிறார்கள். 1946இல் அந்தப் பெயர்களை எழுத முடியாமற்போனதற்கு இராணுவச் சட்டம் காரணம். இன்று இறக்கும் தோழரின் பெயரையும் வாழ்க்கையையும் எழுதாமல் விட எந்தக் காரணமும் இல்லை. அடுத்த மாநாட்டின் அஞ்சலித் தீர்மானத்தில் ‘மற்றும் பலர்’ என்ற சொல்லுக்கு இடமில்லாமல் செய்வதே மறைந்த தோழர்களுக்குச் செலுத்தக்கூடிய பொருத்தமான அஞ்சலி.

மறைந்த தோழர்களுக்குச் செவ்வணக்கம்!