கிணற்றைப் பார்த்து வீட்டை வாங்குங்கள்
(தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பால்மரம் வெட்டி ஓய்வு பெறுகிறவர் தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கிறது. கையிலிருப்பதோ சேமநிதிப் பணம் ஒன்றே. அதைக் கொண்டு கம்பத்தில் வீடு வாங்குகிறோம். கூரையைப் பார்க்கிறோம், சுவரைத் தட்டுகிறோம். கிணற்றை யார் பார்க்கிறார்கள்?

"தண்ணீர் கண்ணாடி மாதிரி" என்பார் தரகர். கண்ணாடி போன்ற நீரிலும் மலக்கிருமி இருக்கலாம். மலக்குழி கிணற்றுக்கு எவ்வளவு அருகில் இருக்கிறது, அது மேட்டிலா பள்ளத்திலா என்று கவனியுங்கள்.

தேநீர் கறுக்கிறதா? வெள்ளைத் துணியில் துருக்கறை படிகிறதா? அது இரும்பு. கிளந்தான் நிலத்தடி நீரில் இது பழைய தொல்லை. காற்றுப்படச் செய்து வடிகட்டினால் பெரும்பாலும் குறையும்.

உரம் போட்ட நிலத்தருகே நைட்ரேட் கலந்திருக்கலாம். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. மிஞ்சினால், அந்நீரில் பால் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க மாட்டாது. உடல் நீலம் பாரிக்கும், உயிருக்கே ஆபத்து.

ஆகவே, முன்பணம் கொடுக்குமுன் நீரைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் வழி கேளுங்கள். வறட்சியில் கிணறு வற்றுமா, வெள்ளத்தில் மூழ்குமா என்று அக்கம்பக்கத்தாரை விசாரியுங்கள். நீர் சரியில்லையென்றால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

வியர்வை சிந்திச் சேர்த்த பணம், தோழர்களே! அதைக் கொடுத்து நோயை வாங்காதீர்கள்.